நடு மடிப்பில் ஒரு வரி

அவன் ஆறரை மணிக்கு எழுவான். பல் தேய்ப்பான். அடுப்பில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் கட்டிலை ஒட்டிய ஜன்னலைத் திறந்துவிடுவான். தேநீர் போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைக் கூடத்தில் மாமியாரின் தலைமாட்டில் வைப்பான். அவர் கண்ணைத் திறக்காமலே, "வச்சிட்டியா தம்பி" என்பார். "வச்சிட்டேன் அத்தை" என்பான். மகள் இருந்தவரை, "மாப்ள, வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசினார். இப்போது தம்பி, வா, போ. எந்த நாளில் மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுப்பான். விழுங்குவதற்கு முன் நாடி பார்க்க வேண்டும். இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். முதல் நாற்பது வினாடி எண்ணமாட்டான். விரலை மட்டும் வைத்திருப்பான். அப்புறம் நாற்பத்திநான்கு என்று தொடங்குவான். அறுபத்தைந்து, அறுபத்தாறில் முடியும். காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதிவிட்டு மாத்திரையை விழுங்குவான்.

ஆறு ஐம்பதுக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும். அது வேறு யாருக்கோ.

இந்த வெள்ளை மாத்திரை இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது இளஞ்சிவப்பு. அதனால்தான் இத்தனையும்.

அவன் ஓர் அச்சகத்தில் மெஷின்மேன். அச்சுத்தொழிலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் அங்கே அவனுக்குப் பெயர் 'டிகிரி'. அந்த அச்சகத்தில் புத்தகம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு மட்டும்தான். பெட்டியைத் திறந்ததும் நாம் தூக்கிப் போடுவோமே, அது. வெங்காயத்தோல் மாதிரி தாள். ஒரு பெரிய தாளில் பதினாறு சீட்டு விழும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மை ஓர் இம்மி கூடினால் எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும், குறைந்தால் வெளிறிப்போகும்.

இயந்திரத்தின் தலைப்பக்கம் நின்று தாளைத் தட்டி, விசிறி, அடுக்கிக் கொடுப்பவர் ஃபீடர் அண்ணன். வால்பக்கம் நின்று ஐந்நூறு தாளுக்கு ஒன்றை உருவி, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து எழுத்தைப் பார்ப்பவன் இவன்.

"டிகிரி, இன்னிக்கு என்னடா போட்டிருக்கான்?" என்று இரைச்சலுக்கு மேலே கத்துவார் அண்ணன்.

"வயித்தால போகுமாம்ணே."

"எனக்கு மாத்திரை இல்லாமலே போகுது. என் பேரையும் சேத்து அடி."

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டு வரும். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தைச் சீராக்கும் மாத்திரைக்கானது. அதில் ஒரு தொல்லை. இடது கீழ்மூலையில் ஒரே ஒரு வரி மட்டும் மை அடைத்துக்கொள்ளும். பிளேட்டை மாற்றிப் பார்த்தான், உருளையில் சுற்றிய ரப்பரை மாற்றிப் பார்த்தான், அடங்கவில்லை. அதனால் அந்தச் சீட்டு ஓடும் நாளெல்லாம் அவன் லென்ஸ் அந்த ஒரு வரியின் மேல்தான். மற்ற வரிகளில் கோளாறு வருவதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

'சிலருக்கு ஆண்மைக் குறைவு ஏற்படலாம்.'

நான்கு வருடத்தில் அந்த வரியை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருப்பான். படித்தான் என்று சொல்ல முடியாது. 'ண்'ணின் சுழிகள் திறந்திருக்கின்றனவா, 'மை'யின் வயிறு அடைத்திருக்கிறதா, அவ்வளவுதான். ஒருநாள் அண்ணனுக்குப் படித்துக் காட்டினான். "அய்யோ, இதைப் போடுறவன் பொண்டாட்டி பாவம்டா" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

அவள் அதே கட்டடத்தின் மாடியில், மடிப்பு அறையில் இருந்தாள். அந்தத் தாளை மெஷினில் விட்டால் கிழியும். ஆகவே பன்னிரண்டு பெண்கள் ஒரு நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையால் மடிப்பார்கள். முதல் மடிப்பு நட்டநடுவில், குறுக்காக. கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு. பிறகு பாதி, பாதியில் பாதி. மடிப்பவர் கண்ணுக்குத் தெரிவது நகம் போகும் இடம்தான். இந்த மாத்திரைச் சீட்டில் நகத்துக்கு நேர் மேலே இருந்தது வேறொரு வரி.

'மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.'

ஒரே சீட்டு. அவனுக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி. மிச்ச வரிகளை இருவருமே படித்ததில்லை.

கல்யாணம்கூட அந்த மாடிப்படியில்தான் தொடங்கியது. தாள் சரியாக மடிகிறதா என்று கேட்கும் சாக்கில் தினமும் மேலே போவான். ஒருநாள் அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மடிப்பு சரியாத்தான் விழுது. நீங்கதான் தினமும் வந்து வந்து விழறீங்க." மேசை முழுக்கச் சிரித்தது. அடுத்த மாதம் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினான்.

இரண்டு அறை வீடு. உள்ளறையில் இவர்கள், கூடத்தில் அவளுடைய அம்மா. அவள் காலை வேலைக்கு வேனில் போய் நாலரைக்கு வருவாள். அவன் ஒரு மணிக்குப் பஸ்ஸில் போய்ப் பத்து மணிக்கு வருவான். ஒருவரையொருவர் ஆற அமரப் பார்க்கிற நாள் ஞாயிறு. அன்று மதியம் அத்தை சோற்றைச் சாப்பிட்ட கையோடு தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு மணிவரை வீடு இவர்களுடையது.

முப்பத்திரண்டாவது வயதில் அவனுக்கு நெஞ்சு தடுமாறத் தொடங்கியது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஏறினால் இயந்திரம் ஒரு கணம் திணறி, தடதடவென்று அடித்துக்கொண்டு ஓடுமே, அப்படி. ஆஸ்பத்திரியில் கம்பி ஒட்டி, படம் எடுத்து, துடிப்பு சீராக இல்லை என்று சொன்னார்கள். இளஞ்சிவப்பு மாத்திரை, காலையில் ஒன்று, தொடர்ந்து.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து மடித்த சீட்டு விழுந்தது.

"அட, நம்ம சீட்டு!" என்றாள். "இது நான் மடிச்சதாத்தான் இருக்கும். ஓரம் பாருங்க, கத்தி மாதிரி."

"எழுத்தும் நல்லா இருக்கு பாரு. என் மெஷினு."

"இந்த மாத்திரையைப் போட்டா குணமாகாம எங்க போகும்? ரெண்டு பேர் கையும் பட்டிருக்கு."

சீட்டை யாரும் பிரிக்கவில்லை. தெரிந்த சீட்டுதானே. அவள் அதைக் காலண்டர் மாட்டிய ஆணியில் குத்திவைத்தாள்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. நெஞ்சு அடங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் மூன்றாவது ஞாயிறு மதியம், ஜன்னலுக்கு வெளியே தகரக்கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. "பரவால்ல, அசதியா இருக்கும்" என்றாள். அவன் மல்லாந்து படுத்தான். லென்ஸின் வட்டத்துக்குள் பெரிதாகத் தெரிகிற மாதிரி அந்தக் கீழ்மூலை வரி கண்ணில் நின்றது. 'ண்'ணின் சுழிகள் திறந்திருந்தன. மை அடைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு அவன் தலைவலி என்றான். அதன்பின் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுக்கப் பழகினான். யாரிடமும் சொல்லவில்லை. ஃபீடர் அண்ணனிடம் சொல்லலாமா என்று ஒருநாள் வாய்வரை வந்தது. அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. கூடச் சேர்ந்து தானும் சிரித்தது அதைவிட நன்றாக ஞாபகம் வந்தது.

அவளும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடுவாள், முட்டை பொரிப்பாள். இடையில் எப்போதிருந்தோ வீட்டில் ரோஜாப்பூ வாசம் அடித்தது. அவன் காரணம் யோசிக்கவில்லை.

அத்தை மட்டும் பேசினார். "உள்ளறை விட்டத்துல தொட்டில் கொக்கி ஒண்ணு இருக்கு மாப்ள. கல்யாணமாகி மூணு வருஷமா அதுல வெங்காயக் கூடைதான் தொங்குது."

"வெங்காயம் கெடாம இருக்குல்லம்மா, விடு" என்றாள் அவள்.

"எனக்கென்ன, நான் வெங்காயத்தையே தாலாட்டிட்டுப் போறேன்."

அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவள் இன்னும் சின்னவள், இருபத்தெட்டு. எதற்காக இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளே ஒருநாள் யோசிப்பாள். யோசித்தால் அதில் தப்பில்லை. இப்படி ஒரு கணக்கு அவனுக்குள் ஓடியது. ஆறாவது மாதம் ஒரு முடிவுக்கு வந்தான். அவளிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை.

காலையில் வேனுக்கு ஓடும் முன் அவள்தான் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைப்பாள். "டீ குடிச்சிட்டுப் போட்டுக்கறேன்" என்பான். அவள் போனதும் மாத்திரை சட்டைப்பைக்குப் போகும், லென்ஸோடு. வீட்டில் எறிந்தால் அத்தை பெருக்கும்போது அகப்படும். பஸ்ஸிலிருந்து எறிவான். சில நாள் எறிய மறந்தான். இடையில் வந்த ஞாயிறு அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சநாள் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள், இருமல் மருந்துச் சீட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, தாளை உருவக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சுக்குள் நூறு தாள் ஒன்றாக ஏறியது. விளக்குகள் தள்ளிப்போயின. சிவப்புப் பொத்தானை ஃபீடர் அண்ணன் அறைந்த சத்தம் கேட்டது. இயந்திரம் நின்ற அமைதியில் மாடிப்படியில் செருப்பில்லாத கால்கள் ஓடிவருவதும் கேட்டது. அது யார் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குமேல் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். நெஞ்சில் கம்பிகள், தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடும் திரை. அத்தை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். ஃபீடர் அண்ணன் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு, "பொழச்சிட்டான், பொழச்சிட்டான்" என்று யாரிடமோ செல்பேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஒரு சின்னத் தட்டை அவளிடம் நீட்டினாள். "அவர் சட்டைப்பையில இருந்தது. பாத்து வாங்கிக்குங்க."

ஒரு லென்ஸ். ஒரு பேனா. ஓரம் உதிர்ந்த நான்கு இளஞ்சிவப்பு மாத்திரைகள்.

அவள் மாத்திரைகளை விரலால் நகர்த்தி எண்ணினாள். பிறகு, "அம்மா, போய் டீ குடிச்சிட்டு வா" என்றாள்.

"இப்பதானேடி குடிச்சேன்?"

"இன்னொண்ணு குடி. அண்ணனையும் கூட்டிட்டுப் போ."

அவர்கள் போனார்கள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

அவன் விட்டத்தைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன். விட்டத்தை இல்ல."

"ஒம்பது நாள். இன்னிக்கோட பத்து."

"கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு சீட்டுலயே போட்டிருக்கே. படிச்ச மனுஷன்தானே நீங்க?"

"எங்க போட்டிருக்கு?"

"நடுவுல. மடிப்புக்கு மேல. நாலு வருஷமா நீங்கதானே அடிக்கறீங்க?"

"அப்படி ஒரு வரியை நான் பாத்ததே இல்ல."

"பாக்காமலா அடிச்சீங்க?"

"கீழ்மூலையில ஒரு வரி மை அடைக்கும். அதைத்தான் பாப்பேன்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. மூன்று போதுமாக இருந்தது.

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். தாள் அறுத்த சின்னச் சின்னக் கோடுகள். வலது கட்டைவிரல் நகம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"அப்ப என் கை இல்லையா?" என்றாள்.

"என்ன கை?"

"கை சொரசொரன்னு இருக்கு, தொட்டா உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். ஆறு மாசமா கிரீம் வாங்கிப் போடறேன்."

அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. "அதான் முட்டையில ரோஜாப்பூ வாசம் அடிச்சுதா?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணீர் வந்தது. அவன் தோளில் ஓர் அடி போட்டாள். திரையில் பச்சைக் கோடு துள்ளியது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நோயாளியை அடிக்காதீங்கம்மா."

"இவரை அடிக்காம வேற யாரை அடிக்கிறது?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள். "எனக்காகவா நிறுத்தினீங்க?"

"ம்."

"நான் கேட்டேனா?"

"கேக்கல."

"இங்க பாருங்க. எனக்கு நீங்க வேணும். மத்தது வந்தா வரட்டும். வரலன்னா சும்மா கட்டிப் பிடிச்சுட்டுப் படுத்திருப்போம், யாரு வேணாங்கறா? செத்த ஆளை வச்சிட்டு நான் என்னங்க பண்றது?"

அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் வரும்போது காலண்டர் ஆணியில் குத்தியிருந்த சீட்டையும் கொண்டுவந்தாள். ஆறு மாதம் கழித்து முதல்முறையாக அதைப் பிரித்தார்கள். போர்வைமேல் விரித்து, லென்ஸை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி, முதல் வரியிலிருந்து படித்தார்கள். அவளுடைய வரி வந்தது. "இருக்கா இல்லையா?" என்றாள். அவனுடைய வரி வந்தது. "ம், இருக்கு" என்று அவளே சொன்னாள். இரண்டுக்கும் நடுவில், இருவர் கண்ணிலும் படாத இடத்தில், இன்னொரு வரி இருந்தது.

'இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லவும். வேறு வழிகள் உண்டு.'

"நாமளே அடிச்சு, நாமளே மடிச்சு…" என்று தொடங்கியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். அவர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டபோது அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர், இந்த மாத்திரை தொடங்குனதுலேருந்து எங்களுக்குள்ள ஒண்ணும் நடக்கல. இவருக்கு முடியல. அதனால நிறுத்திட்டாரு."

அவன் சுவரில் இருந்த இதயப் படத்தை உற்றுப் பார்த்தான். நான்கு அறைகள், அவற்றுக்கு நடுவே சிவப்பும் நீலமும்.

டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கிற குரலில், "எத்தனை மாசமா?" என்றார்.

"ஆறு."

"காலையில முழிக்கும்போது எப்படி இருக்கும்?" இதை அவனைப் பார்த்துக் கேட்டார்.

"சில நாள்… இருக்கும்."

"இந்த ஒம்பது நாள் மாத்திரை இல்லாம இருந்தீங்களே, அப்போ?"

"அப்பவும் முடியல."

"கடையில வேற ஏதாச்சும் வாங்கிப் போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க, நெஞ்சு விஷயம்."

"இல்ல டாக்டர்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல" என்று உறுதி சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் கண்டுபிடித்து இறக்கிக்கொண்டு, போர்வைமேல் விரித்திருந்த சீட்டைப் பார்த்தார். "இந்த வகை மாத்திரையில சிலருக்கு இது வரலாம். எல்லாருக்கும் வராது. உங்களுக்கு மாத்திரையால எவ்வளவு, பயத்தால எவ்வளவுன்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தச் சீட்டுல அந்த வரி கண்ணுல படாம இருந்திருந்தா பாதி தொந்தரவு இருந்திருக்காது."

"அவர்தான் டாக்டர் அதை அச்சடிச்சதே" என்றாள் அவள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். பத்து நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"சரி. இதை மாத்தி வேற வகை தரேன், குறைஞ்ச அளவுல. சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு வாரம் பாப்போம். ஒத்து வரலன்னா இன்னொண்ணு இருக்கு. தினமும் காலையில மாத்திரைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நாடி பாக்கணும். அம்பதுக்குக் கீழ போனாலும், தாறுமாறா அடிச்சாலும் உடனே வாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது." அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டது ரொம்ப நல்லதும்மா. பாதிப் பேரு கேக்க வெக்கப்பட்டுட்டு மாத்திரையை நிறுத்திடறாங்க. அதுக்கப்புறம் கேக்க ஆளே இருக்கறதில்ல."

அந்த டாக்டருக்கு அவன் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை போகிறான், கையை நீட்டுகிறான், வருகிறான்.

நாடி பார்ப்பது அவள் வேலையானது. ஆறு நாற்பத்தெட்டுக்கு, தலையை வாரி, சாப்பாட்டுப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்காருவாள். அவன் கையை இழுத்து மேசைமேல் வைத்து இரண்டு விரலால் அழுத்துவாள். மடிப்பு அறையில் கட்டு எண்ணுகிற அதே பாணி. உதடு அசையும், சத்தம் வராது. ஐம்பதானால் மேசையில் ஒரு தட்டு. அங்கே ஐம்பதுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுப் பழகிய கை.

"அம்பதுக்கு ஒரு கட்டு. இன்னிக்கு ஒரு கட்டும் பதினாறும்."

"கட்டி வச்சிடு. ராத்திரி வந்து எடுத்துக்கறேன்."

விரல்கள் சொரசொரப்பாகத்தான் இருந்தன. கிரீம் போடுவதை அவள் விட்டுவிட்டாள். அந்தச் சொரசொரப்புக்கு அடியில் தன் துடிப்பு போவதை அவனும் உணர்வான்.

ஞாயிற்றுக்கிழமைகள் உடனே மாறிவிடவில்லை. முதலில் சில வாரம் சும்மா படுத்திருந்தார்கள், அவள் சொன்ன மாதிரியே. மழைக்காலம். தகரக்கூரைமேல் மழை கொட்டும். அதன் கீழே மடிப்பு அறைக் கதையெல்லாம் சொல்லுவாள். யார் மேசையடியில் பொட்டுக்கடலையை ஒளித்துவைத்துத் தின்கிறார்கள், யார் கண்காணிப்பாளர் நடப்பதை நடித்துக் காட்டி மாட்டிக்கொண்டார்கள். அவன் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஐந்தாவது ஞாயிறா, ஆறாவதா, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நடுவில்தான், இருவருமே எதிர்பார்க்காமல், உடம்பு தன் பழைய வழிக்குத் திரும்பியது. அவன் அந்த வரியை நினைக்க மறந்திருந்தான்.

பிறகும் சில ஞாயிறு முடியாது. முடியாத ஞாயிறன்று அவள், "இன்னிக்கு மெஷின் லீவு" என்பாள். முடிகிற ஞாயிறன்று ஒன்றும் சொல்லமாட்டாள். காலால் அவன் காலை ஓர் உதை விட்டுவிட்டு, போர்வை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

அத்தை அந்த நாட்களில் ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் வீடு திரும்பினார். "பஸ்ஸே கெடைக்கல மாப்ள" என்பார். அந்த வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பது அவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தங்கை வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் உட்கார்ந்து போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இடது கீழ்மூலை வரி இப்போதும் அடைக்கிறது. ஆனால் ஐந்நூறு தாளுக்கு ஒருமுறை அவன் லென்ஸ் கீழ்மூலையோடு நிற்பதில்லை. நடு மடிப்புக்கு ஏறும். இடையில் உள்ள வரியிலும் நிற்கும். "என்னடா டிகிரி, பரிட்சைக்குப் படிக்கிறியா?" என்பார் ஃபீடர் அண்ணன். "ஆமாண்ணே" என்பான்.

இப்படி இருபது மாதம். குழந்தை இல்லை. வெங்காயக் கூடை அதே கொக்கியில் தொங்கியது. ஆனால் அந்த இருபது மாதத்தில் ஒரு நாளைக்கூட அவன் யாருக்கும் கொடுக்கமாட்டான்.

அன்று செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல வேனில் ஏறி, டிரைவருக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் வேனில் தூங்குகிறவள், எல்லோருக்கும் தெரியும். அச்சகம் வந்ததும் பக்கத்தில் இருந்தவள், "எழுந்திருடி" என்று தொட்டாள். எழவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிறவியிலிருந்தே மெலிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது, வலி இருந்திருக்காது என்றார்கள். அவனுடைய டாக்டர்தான் மூன்று மாடி இறங்கி வந்து அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நெஞ்சு இவனுக்குக் கோளாறு. போனது அவள். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்கள். அவன் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. அடக்கத்தன்று காலையிலும் போட்டுக்கொண்டான். அத்தைதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் கடைசியாகச் சொன்னது என்று பலர் பலதைச் சொன்னார்கள். "அவரைப் பாத்துக்கோங்க அண்ணேன்னு சொல்லிட்டுத்தான் ஏறுச்சு" என்று வேன் டிரைவர் அழுதார். முந்தின நாளே, "எனக்கு ஒண்ணுன்னா" என்று ஏதோ தொடங்கினாள் என்று மடிப்பு அறையில் ஒருத்தி சொன்னாள். அத்தை, "அம்மான்னுதான் கூப்பிட்டிருப்பா" என்றார். அவன் யாரையும் திருத்தவில்லை. அவர்களுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அன்று வேன் ஒரு நிமிஷம் முன்னதாக வந்துவிட்டது. அவள் எதிரில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதுக்கான தட்டு இன்னும் விழவில்லை. தெருமுனையில் ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. அவள் அவன் வலது கையை இழுத்து, தன் விரல் இருந்த இடத்தில் அவன் விரல்களை வைத்து அழுத்தினாள். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் காலில் மாட்டியபடி, வாசலிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நாப்பத்தி மூணு வரைக்கும் எண்ணிட்டேன். மிச்சத்த நீங்க எண்ணிக்கோங்க."